இறால் குளத்து உணரிக்கு மின்பிரிப்பு: இருபது மைக்ரோஆம்பியரில் ஓடும் அலையியற்றி

தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து இறால் பண்ணைகளில் மோட்டார் பெட்டிகளையும் உணரிகளையும் பழுதுபார்ப்பது என் தொழில். குளத்து நீரைத் தொடும் சுற்றுக்கும் 230 வோல்ட் ஓடும் பெட்டிக்கும் நடுவே உலோகத் தொடர்பு ஒரு மயிரிழைகூட இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதக்காரன். அந்தப் பிடிவாதத்தை மின்கலத்தைத் தின்னாமல் எப்படிக் காப்பாற்றுவது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். ஷ்மிட் ட்ரிகர் என்றால் என்ன, டிரான்ஸ்பார்மர் எப்படி வேலை செய்கிறது என்ற அளவு தெரிந்தவர்களுக்கு இது போதும்.

முதலில் காரணம். கடல்நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு ஏறத்தாழ 5 சீமென்ஸ். ஏரியேட்டர் (குளத்து நீருக்குக் காற்றேற்றும் கருவி) மோட்டாரின் சுருளில் சிறு கசிவு இருந்தாலும் அது குளம் முழுக்கப் பரவிவிடும். கரையில் ஒரு எர்த், குளத்தில் நீரே இன்னொரு எர்த், இரண்டையும் இணைக்க நீங்கள் இழுத்த இருநூறு மீட்டர் கேபிள் என்றால், இரண்டுக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு உங்கள் உணரிச் சுற்றுக்குள் புகுந்துதான் சமன்படும். அளவீடு ஆடும். மின்முனை கரையும். ஒரு மில்லிஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓராண்டு தொடர்ந்து ஓடினால் இரும்பில் ஏறத்தாழ 9 கிராம் கரையும் என்பது ஃபாரடே விதிக் கணக்கு. ஒரு மெல்லிய மின்முனைக்கு அது முடிவு. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் அதே கேபிள் மின்னல் அதிர்ச்சியை இரு முனைக்கும் கொண்டு செல்லும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, குளத்துக்குள் இறங்கி வேலை செய்யும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

மின்பிரிப்பு என்பது இரண்டு சுற்றுகளுக்கு நடுவே கம்பி, பொது எர்த், பொதுவான நெகட்டிவ் எதுவும் இல்லாமல் செய்தி மட்டும் கடந்து போகும்படி செய்வது. ஒளி வழியாகக் கடத்தலாம், மின்தேக்கி வழியாகக் கடத்தலாம், காந்தப்புலம் வழியாகவும் கடத்தலாம். நான் காந்தப்புலத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். ஒரு ஃபெரைட் (காந்தப் பீங்கான்) வளையம், அதில் இரண்டு கம்பிச் சுருள், ஒரு பக்கம் அலையியற்றி (தானாக ஆடி அலை உண்டாக்கும் சுற்று), மறுபக்கம் ஒரு டயோடு.

ஆப்டோகப்ளர் எப்போது போதாது

ஆப்டோகப்ளர் என்பது உள்ளே உள்ள எல்இடியின் ஒளியால் செய்தியைக் கடத்தும் சில்லு. பிசி817 போன்றது மலிவானது, எங்கும் கிடைப்பது. நிமிடத்துக்கு ஒருமுறை சில மில்லிவினாடி மட்டும் செய்தி அனுப்புகிறீர்கள் என்றால் அதையே போடுங்கள். சராசரி மின்னோட்டம் மிகக் குறைவாகவே இருக்கும். இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதி உங்களுக்குத் தேவையில்லை.

பிரச்சினை, செய்தி ஓயாமல் இருக்க வேண்டிய இடத்தில் வருகிறது. இறால் குளத்தில் நமக்கு வேண்டியது "கெட்டுவிட்டது" என்ற செய்தி அல்ல. "எல்லாம் சரி" என்ற செய்தி. முப்பது டிகிரி வெப்பத்தில் உவர்நீர் லிட்டருக்கு 6 மில்லிகிராமை ஒட்டிய ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். வனாமி இறாலுக்கு 4-க்குக் கீழே போகக் கூடாது. விடியற்காலையில்தான் அளவு மிகவும் தாழும். அந்த நேரத்தில் ஏரியேட்டர் நின்றுபோய், அதைச் சொல்ல வேண்டிய உணரியின் மின்கலமும் தீர்ந்திருந்தால், மௌனத்தை நலம் என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். எனவே "சரி" என்பது உயிருள்ள சைகையாக, இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும், சுற்றுப் பலகை நனைந்தாலும் அது நிற்க வேண்டும். நின்றால் மணி அடிக்க வேண்டும்.

ஆப்டோகப்ளரின் எல்இடியை இடைவிடாமல் எரிய வைத்தால் என்ன ஆகும்? பிசி817-இன் கடத்து விகிதம் (எல்இடி மின்னோட்டத்தில் எவ்வளவு பங்கு மறுபக்கம் கிடைக்கும் என்பது) 5 மில்லிஆம்பியரில்தான் உறுதி அளிக்கப்படுகிறது. 2,400 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஏஏ அளவு லித்தியம் தயோனைல் குளோரைடு மின்கலம் 480 மணி நேரத்தில், அதாவது 20 நாளில் தீர்ந்துவிடும். 6என்139 என்ற இன்னொரு ஆப்டோகப்ளர் அரை மில்லிஆம்பியரிலும் இயங்கும். அதுவும் 200 நாள்தான். தவிர, எல்இடியின் ஒளி வெப்பத்தில் ஆண்டுக்காண்டு மங்கும். தகர மூடிக்குக் கீழே சித்திரை வெயிலில் இருக்கும் பெட்டிக்கு அது நல்ல செய்தி அல்ல.

கடையில் கிடைக்கும் டிஜிட்டல் ஐசொலேட்டர் சில்லுகளுக்குள்ளும் உயர் அதிர்வெண் சைகைதான் ஒரு நுண் மின்தேக்கி வழியாகவோ நுண்சுருள் வழியாகவோ தடுப்பைத் தாண்டுகிறது. மனித உயிர் நேரடியாகச் சார்ந்த பாதுகாப்புச் சுற்றுக்குச் சான்று பெற்ற அந்தச் சில்லையே வாங்குங்கள். நாமே சுற்றிய வளையத்தை அங்கே வைக்காதீர்கள். எச்சரிக்கை மணிக்கும் அளவீட்டுக்கும் நான் வளையத்தையே விரும்புகிறேன். சிறிய எட்டுக்கால் சில்லின் இரு பக்கக் கால்களுக்கும் நடுவே 4 மில்லிமீட்டர்தான் இருக்கும். உப்புக்காற்றில் எனக்கு அது போதாது. வளையத்தில் நான் கேட்கும் இடைவெளியை நானே வைத்துக்கொள்ளலாம்.

விட்டுவிட்டு அனுப்புதல்

அலையியற்றியை இடைவிடாமல் ஓடவிட்டால் அதுவும் மில்லிஆம்பியர் கணக்கில் குடிக்கும். அதனால் இரண்டு அலையியற்றிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கிறோம். மெதுவான ஒன்று 30 மில்லிவினாடிக்கு ஒருமுறை விழித்து, வேகமான ஒன்றை ஏறத்தாழ 80 மைக்ரோவினாடி மட்டும் ஓடவிடும். இரவுக் காவலாளி விட்டுவிட்டு ஊதும் விசில் போன்றதுதான் இது. சத்தம் வரும் வரை ஊர் நிம்மதியாகத் தூங்கலாம். வரவில்லை என்றால் எழுந்து பார்க்க வேண்டும். கரைப்பக்கம் ஒரு மோனோஸ்டேபிள் (தூண்டினால் குறித்த நேரம் மட்டும் உயர்ந்திருக்கும் சுற்று) இந்தத் துடிப்புகளை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கடைசித் துடிப்பு வந்து 100 மில்லிவினாடி ஆகிவிட்டதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

துடிப்பின் இடைவெளியை 20 மில்லிவினாடிக்கோ 10 மில்லிவினாடிக்கோ அருகில் வைக்காதீர்கள். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் தாளம். மின்வழி இரைச்சல் அதே தாளத்தில் வந்து "சரி" என்று பொய் சொல்லும். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தாலும் உங்களால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

மெதுவான அலையியற்றி

இங்கேதான் மின்கலத்தின் ஆயுள் முடிவாகிறது, ஆகவே இதில் நிதானமாக நேரம் செலவிடுங்கள்.

சில்லு எது? எங்கும் கிடைக்கும் டைமர் சில்லான என்இ555 வேண்டாம், 5 வோல்ட்டில் சும்மா இருக்கவே 3 மில்லிஆம்பியர் கேட்கும். அதன் சிக்கனமான சிமாஸ் வகையான ஐசிஎம்7555 ஏறத்தாழ 60 மைக்ரோஆம்பியரில் ஓடும், மோசமில்லை. நான் போடுவது சிடி4093: நான்கு ஷ்மிட் நேண்ட் கேட்டுகள் (இரு உள்ளீடும் உயர்ந்தால் மட்டும் வெளியீடு தாழும் கேட்) கொண்டது, 3 வோல்ட்டிலிருந்து இயங்கும்.

இதே வகைக் கேட்டுகள் கொண்ட, எச்சி குடும்பத்து வேகமான 74எச்சி132-ஐயே இரண்டு வேலைக்கும் பயன்படுத்தலாமே என்று தோன்றும். கூடாது. மெதுவான அலையியற்றியில் மின்தேக்கியின் மின்னழுத்தம் எப்போதும் நடுவாந்தரத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் கேட்டின் உள்ளே மேல் டிரான்சிஸ்டரும் கீழ் டிரான்சிஸ்டரும் ஒரே நேரத்தில் அரைகுறையாகத் திறந்திருக்கும். பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு நேராக மின்னோட்டம் பாயும். எச்சி குடும்பத்தில் இந்த ஊடோட்டம் அதிகம். சிடி4093 சேர்ந்த பழைய 4000 குடும்பம், நம் மின்கலத்தின் 3.6 வோல்ட்டில் சோம்பேறி. அந்தச் சோம்பலே நமக்கு வரம். அதில் ஊடோட்டம் பத்து மைக்ரோஆம்பியரைச் சுற்றி இருக்கும். சில்லுக்குச் சில்லு மாறும் என்பதால் கையில் உள்ளதை அளந்து, குறைவாகக் குடிப்பதைப் பொறுக்கி எடுங்கள்.

இணைப்பு இப்படி. கேட் அ: ஒரு உள்ளீட்டில் உணரியின் "சரி" சைகை. மற்ற உள்ளீட்டில் 47 நானோஃபாரட் மின்தேக்கி, அதன் மறுமுனை நெகட்டிவுக்கு. கேட்டின் வெளியீட்டிலிருந்து அந்த மின்தேக்கிக்கு 1 மெகாஓம் மின்தடை. அந்த மின்தடைக்கு இணையாக 1என்4148 டயோடும் 680 ஓம் மின்தடையும் தொடராக. டயோடின் கோடு போட்ட முனை வெளியீட்டுப் பக்கம். "சரி" உயர்வாக இருக்கும்போது வெளியீடு உயர்ந்து, மின்தேக்கி 1 மெகாஓம் வழியாக மெல்ல நிரம்பும். மேல் வாசலைத் (ஷ்மிட் கேட் நிலை மாறும் மேல் மின்னழுத்தத்தை) தொட்டதும் வெளியீடு தாழும்; டயோடு வழியாகச் சட்டென்று வடியும். நீண்ட உயர்வு, குறுகிய தாழ்வு. அந்தத் தாழ்வுதான் நமது துடிப்பு. "சரி" தாழ்ந்துவிட்டால் வெளியீடு உயர்விலேயே நின்றுவிடும், துடிப்பு இல்லை.

நேரக் கணக்கு: மின்தடையையும் மின்தேக்கியையும் பெருக்கினால் 47 மில்லிவினாடி. மின்கல அழுத்தத்திலிருந்து கீழ் வாசலைக் கழித்து வருவதை, அதே அழுத்தத்திலிருந்து மேல் வாசலைக் கழித்து வருவதால் வகுத்து, அந்த ஈவின் இயல் மடக்கையால் இந்த 47-ஐப் பெருக்க வேண்டும். 3.6 வோல்ட்டில் வாசல்கள் 1.3, 2.3 என்று வைத்தால் மடக்கை 0.57, இடைவெளி 27 மில்லிவினாடி. சிடி4093-இன் வாசல்கள் சில்லுக்குச் சில்லு கணிசமாக வேறுபடும். 25-க்கும் 40-க்கும் நடுவே எங்கே விழுந்தாலும் நமக்குச் சம்மதம்.

இனி முக்கியமான கேள்வி: மின்தடையை 10 மெகாஓம் ஆக்கி, மின்தேக்கியைச் சிறிதாக்கினால் இன்னும் மிச்சம் பிடிக்கலாமே? கோயம்புத்தூரில் என்றால் செய்யலாம். இங்கே கூடாது. சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் தானாகவே நீர் இழுத்துக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு அதில் பாதி ஈரப்பதத்திலேயே கசியும். கொண்டல் காற்று அடிக்கும் நாளில் பலகையின் மேல் படிந்த உப்பு பகலில் வெறும் தூசி. இரவில் அதுவே கடத்தி. மின்தேக்கி முனையிலிருந்து நெகட்டிவுக்கு 10 மெகாஓம் கசிவு உண்டானது என்று வையுங்கள். மின்தடை 1 மெகாஓமாக இருந்தால் மின்தேக்கி 3.27 வோல்ட் வரை ஏறும். மேல் வாசலைத் தாண்டிவிடும், சுற்று ஓடும். மின்தடை 10 மெகாஓமாக இருந்தால் 1.8 வோல்ட்டில் நின்றுவிடும், அலையியற்றி செத்துப்போகும். விடியற்காலை மூன்று மணிக்கு மணி அடிக்கும், பண்ணைக்காரர் ஓடி வருவார், எல்லாம் சரியாக இருக்கும். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை மணியின் கம்பியைப் பிடுங்கிவிடுவார். பொய் எச்சரிக்கை கொடுக்கும் சுற்று, எச்சரிக்கையே இல்லாததைவிடக் கெடுதல்.

மின்தடையை உயர்த்திக் கிடைக்கும் ஆதாயமும் பெரிதல்ல. மின்தேக்கியை நிரப்ப ஆகும் செலவு 1 மெகாஓமிலேயே 2 மைக்ரோஆம்பியருக்குள்தான். பெரும்பங்கு ஊடோட்டத்தில் போகிறது. அதை மின்தடை தீர்மானிப்பதில்லை. ஆகவே இந்தக் கடற்கரையில் 1 மெகாஓமே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேட் ஆ, அதே சில்லில், தலைகீழாக்கி மட்டும். குறுகிய தாழ்வைக் குறுகிய உயர்வாக மாற்றுகிறது. மீதமுள்ள இரண்டு கேட்டுகளின் உள்ளீடுகளை நெகட்டிவில் கட்டிவிடுங்கள். கட்டாமல் அந்தரத்தில் விட்ட உள்ளீடு நடுவாந்தர அழுத்தத்துக்குப் போய் நின்று, ஓசையில்லாமல் மின்கலத்தைக் குடிக்கும்.

வேகமான அலையியற்றி

இதற்கு 74எச்சி132. கேட் இ: ஒரு உள்ளீட்டில் கேட் ஆ-வின் துடிப்பு, மற்றதில் 220 பிக்கோஃபாரட் மின்தேக்கி, வெளியீட்டிலிருந்து அதற்கு 10 கிலோஓம். துடிப்பு உயர்ந்திருக்கும் வரை ஏறத்தாழ 500 கிலோஹெர்ட்ஸில் ஆடும்.

இந்த அமைப்பின் அழகு அது ஓய்வில் இருக்கும் விதத்தில் உள்ளது. துடிப்பு இல்லாதபோது கேட் இ-யின் வெளியீடு உயர்வில் நிற்கும். மின்தேக்கி முழுக்க நிரம்பி, மின்கல அழுத்தத்திலேயே அமரும். நடுவாந்தரம் இல்லை, ஊடோட்டம் இல்லை. எச்சி குடும்பத்தின் பெருந்தீனி துடிப்பின் 80 மைக்ரோவினாடிக்கு மட்டுமே. துடிப்பு வந்ததும் காத்திருக்காமல் முதல் அலை உடனே தொடங்கும்.

ஏன் 500 கிலோஹெர்ட்ஸ்? அதிர்வெண்ணைக் கூட்டினால், ஒவ்வொரு அலைக்கும் மின்தேக்கிகளை நிரப்பி வடிக்கும் செலவு அதே விகிதத்தில் கூடும்; நம் கைக்குக் கிடைக்கும் ஃபெரைட்டும் 1 மெகாஹெர்ட்ஸை நெருங்கும்போது தளரத் தொடங்கும். குறைத்தால் வளையத்தில் சுற்றுகள் கூட வேண்டும்.

கேட் ஈ, அதே 74எச்சி132-இல், தலைகீழாக்கி. இதுதான் டிரான்ஸ்பார்மரை இயக்குகிறது. ஓய்வில் இதன் வெளியீடு தாழ்வு. அதிலிருந்து 220 ஓம், பிறகு 4.7 நானோஃபாரட், பிறகு முதல் சுருள், சுருளின் மறுமுனை நெகட்டிவுக்கு. தொடர் மின்தேக்கி, நேர்மின்னோட்டம் சுருளில் ஓடாமல் தடுக்க. பழக்கதோஷத்தில் 100 நானோஃபாரட்டைப் போட்டுவிடாதீர்கள். அது சுருளோடு சேர்ந்து 18 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒத்ததிரும். அதன் ஒரு அலையே 56 மைக்ரோவினாடி. நமது துடிப்பு முழுவதும் அந்த ஆட்டம் அடங்கக் காத்திருப்பதிலேயே கழிந்துவிடும். 4.7 நானோஃபாரட்டும் 220 ஓமும் இருந்தால் ஆட்டம் ஒரு சில அலைகளில் அடங்கும்.

மின்கலத்துக்கு அருகே 10 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி கட்டாயம். லித்தியம் தயோனைல் மின்கலம் நெடுநாள் உழைக்கும், ஆனால் சட்டென்று மில்லிஆம்பியர் கேட்டால் தடுமாறும். ஒரு துடிப்புக்கு 2 மில்லிஆம்பியர், 80 மைக்ரோவினாடி என்றால் 160 நானோகூலும். 10 மைக்ரோஃபாரட்டில் அது வெறும் 16 மில்லிவோல்ட் இறக்கம்.

மொத்தக் கணக்கு: ஊடோட்டம் 10, மின்தேக்கி நிரப்ப 2, துடிப்புகளின் சராசரி 6. இருபதை ஒட்டிய மைக்ரோஆம்பியர். அதே 2,400 மில்லிஆம்பியர்-மணி மின்கலம் கணக்குப்படி 13 ஆண்டு ஓடும். அதற்கு முன்பே முனையில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும் என்பதால் நான் ஐந்து ஆண்டில் மாற்றிவிடுகிறேன். உணரியின் சொந்தச் செலவு இதில் சேரவில்லை.

வளையம் சுற்றுதல்

செத்துப்போன சிஎஃப்எல் விளக்கின் அடிப்பகுதியைத் திறந்தால் 10 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு ஃபெரைட் வளையம் இருக்கும். பெரும்பாலும் அது நமக்குப் போதும். கண்ணாடிக் குழாயை உடைத்துவிடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. வளையத்தில் சோதனைக்காகப் பத்துச் சுற்று சுற்றி, இண்டக்டன்ஸ் மீட்டரில் அளந்து, கிடைத்ததை 100-ஆல் வகுங்கள். ஒரு சுற்றின் வர்க்கத்துக்கு 2 மைக்ரோஹென்றியை ஒட்டி வந்தால் முதல் சுருள் 20 சுற்று. 800 மைக்ரோஹென்றி கிடைக்கும். குறைவாக வந்தால் சுற்றுகளைக் கூட்டி அதே 800-ஐப் பிடியுங்கள். இந்த அழுத்தத்தில் ஃபெரைட் செறிவடையும் கவலை இல்லை; காந்தப்பாய அடர்த்தி பத்துப் பன்னிரண்டு மில்லிடெஸ்லாதான், அது தாங்குவது அதைப்போல் பல மடங்கு. இரண்டாம் சுருள், முதல் சுருளின் இரு மடங்கு: 40 சுற்று.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. மாங்கனீசு-துத்தநாக ஃபெரைட் மின்சாரத்தைக் கடத்தும். பூச்சு இல்லாத வளையத்தில் நேரடியாக எனாமல் கம்பியைச் சுற்றினால், கூர்முனையில் எனாமல் உரசிய இடத்தில் இரு சுருளும் ஃபெரைட் வழியாகக் கைகோத்துவிடும். வளையத்துக்கு எபாக்சி பூசிக் காயவைத்து, அதன் மேல் சுற்றுங்கள். அடுத்து, எனாமலைப் பாதுகாப்புக் காப்பாக எண்ணவே எண்ணாதீர்கள். கரைப்பக்கச் சுருளுக்கு மூன்றடுக்குக் காப்பிட்ட கம்பியையோ டெஃப்ளான் உறைக் கம்பியையோ பயன்படுத்துங்கள். இரு சுருள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றாமல் வளையத்தின் எதிரெதிர்ப் பாதியில் சுற்றுங்கள். பிணைப்பு சற்றுக் குறையும். ஆனால் சுருள்களுக்கு நடுவேயுள்ள கொள்ளளவு குறைவதால் மோட்டார் பெட்டியின் அதிர்ச்சிகள் தாண்டி வருவதும் குறையும். வேகக் கட்டுப்பாட்டு டிரைவ் உள்ள பண்ணைகளில் இது பெரிய வித்தியாசம்.

கரைப்பக்கம்

இரண்டாம் சுருளிலிருந்து 1என்4148, பிறகு 4.7 கிலோஓம், பிறகு 1 நானோஃபாரட்டும் அதற்கு இணையாக 47 கிலோஓமும். அடுத்து, 3.3 வோல்ட்டில் இயங்கும் 74எச்சி14 என்ற ஷ்மிட் தலைகீழாக்கிச் சில்லின் ஒரு கேட். அதன் பின் சிடி4538 மோனோஸ்டேபிள், மறுபடி மறுபடி தூண்டக்கூடிய முறையில். அதன் நேரம் மின்தடையும் மின்தேக்கியும் பெருக்கிய அளவு: 100 கிலோஓம், 1 மைக்ரோஃபாரட், 100 மில்லிவினாடி. 4.7 கிலோஓமும் 1 நானோஃபாரட்டும் ஒரு காரணத்தோடுதான் இருக்கின்றன: காண்டாக்டர் (மோட்டாரை இயக்கி நிறுத்தும் மின்காந்தச் சுவிட்ச்) விடும்போது வரும் ஒற்றைப் பொறி மைக்ரோவினாடிக்கும் குறைவு, அதனால் மின்தேக்கியை நிரப்ப முடியாது, நமது நாற்பது அலைகள் நிரப்பிவிடும்.

கரைப்பக்கத்துக்குப் பெட்டியிலிருந்து 12 வோல்ட் வருகிறது. அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம். துடிப்பை நீட்டும் வேலையை மின்கலத்தின் தலையில் கட்டாமல் கரைக்குத் தள்ளியது அதனால்தான். நிலை காட்டும் எல்இடியையும் இந்தப் பக்கமே வையுங்கள். "தம்பி, பெட்டியில் விளக்கே எரியவில்லையே, இது ஓடுகிறதா?" என்று காவலுக்கு இருக்கும் பெரியவர் கேட்பது நியாயம், அவர் பார்க்கும் இடத்தில் விளக்கு இருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே பலகையில், குளத்துக் கம்பத்திலேயே இருக்கட்டும். 500 கிலோஹெர்ட்ஸை நீண்ட கேபிளில் அனுப்ப முயலாதீர்கள். முறுக்கிய இணைக்கம்பி மீட்டருக்கு 50 பிக்கோஃபாரட் என்றாலும் 200 மீட்டருக்கு 10 நானோஃபாரட். சிறு கேட்டால் அதை இயக்க முடியாது. 12 வோல்ட், நெகட்டிவ், திறந்த கலெக்டர் வெளியீடு என்று மூன்று கம்பி கரைக்குப் போகட்டும். அந்தக் கேபிள் நுழையும் இடத்தில் மின்னழுத்த அதிர்ச்சி தடுப்பு டயோடு வையுங்கள். ஆனால் தடுப்பின் குறுக்கே, குளப்பக்கத்துக்கும் கரைப்பக்கத்துக்கும் நடுவே, மின்தேக்கியோ வேரிஸ்டரோ எதுவும் கூடாது.

பலகை

மின்பிரிப்பு பெரும்பாலும் டிரான்ஸ்பார்மருக்குள் கெடுவதில்லை. பலகையின் மேற்பரப்பில் கெடுகிறது. ஐஇசி 60664-1 தரநிலையில், மாசு மிகுந்த மூன்றாம் நிலைச் சூழலில் 250 வோல்ட்டுக்குச் சாதாரணப் பலகையில் அடிப்படைக் காப்புக்கே 4 மில்லிமீட்டர் ஊர்வுத் தூரம் (இரு பக்கக் கடத்திகளுக்கும் நடுவே மேற்பரப்பு வழியான தூரம்) வேண்டும். இரட்டிப்புக் காப்புக்கு 8. நான் 15 விடுகிறேன். வளையத்துக்குக் கீழே பலகையை 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு அறுத்துப் பிளவு விடுங்கள். உப்புப் படலம் பிளவைத் தாண்ட முடியாது, சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

பற்றவைத்த பின் பிளக்ஸ் எச்சத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துலக்கி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, அதன் பிறகே காப்புப் பூச்சு. குழாய் நீர் வேண்டாம். இங்கே அதுவும் உவர்ப்பு. ஈரத்தின் மேல் பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகும். மின்கல முனை, இணைப்பான் தவிர மற்ற எல்லா இடத்திலும் இரண்டு பூச்சு. மெதுவான அலையியற்றியின் மின்தேக்கி முனைக்கு மூன்று.

பெட்டி ஐபி67 (தூசியும் நீரும் புகாது என்ற தரக்குறியீடு) என்று எழுதியிருப்பதை நம்பி மட்டும் விட்டுவிடாதீர்கள். பகலில் சூடாகி இரவில் குளிரும் பெட்டி, எந்தச் சிறு இடுக்கு வழியாகவும் உப்புக்காற்றை உள்ளே இழுக்கும். டெஃப்ளான் சவ்வு வைத்த மூச்சுத்துளை போடுங்கள். கேபிள் நுழைவு எப்போதும் கீழ்நோக்கி. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியையே வாங்குங்கள். வெறும் செம்பு ஒரு கச்சான் பருவத்துக்குள் உறைக்குள்ளேயே கறுத்துவிடும்.

அளப்பதும் சோதிப்பதும்

மின்னோட்டத்தை மல்டிமீட்டரின் மைக்ரோஆம்பியர் எல்லையில் நேரடியாக அளந்தால் துடிப்புகளால் எண் தடுமாறும். மின்கலத்துக்குத் தொடராக 1 கிலோஓம், சுற்றுப் பக்கம் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வைத்து, மின்தடையின் குறுக்கே மில்லிவோல்ட் அளங்கள். ஒரு மில்லிவோல்ட், ஒரு மைக்ரோஆம்பியர். புது மின்தேக்கியின் சொந்தக் கசிவு தணியச் சில நிமிடம் விடுங்கள்.

ஆசிலோஸ்கோப்பின் முனையை மெதுவான அலையியற்றியின் மின்தேக்கியில் வைக்காதீர்கள். முனையின் 10 மெகாஓமே இடைவெளியை மாற்றிவிடும். கேட் ஆ-வின் வெளியீட்டில் பாருங்கள். இதைவிட முக்கியம்: இரண்டு முனைகளின் எர்த் கிளிப்பையும் தடுப்பின் இரு பக்கத்தில் மாட்டினால், கருவிக்குள் அவை இரண்டும் ஒன்றே. நீங்கள் பாடுபட்டு உண்டாக்கிய பிரிப்பை உங்கள் கையாலேயே இணைத்துவிடுவீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அளங்கள்.

கடைசியில் மெக்கர், அதாவது உயர் அழுத்தம் கொடுத்துக் காப்பை அளக்கும் கருவி. மின்கலத்தையும் கேபிளையும் கழற்றி, குளப்பக்க முனைகள் எல்லாவற்றையும் ஒன்றாகவும் கரைப்பக்க முனைகளை ஒன்றாகவும் கட்டி, 500 வோல்ட்டில் ஒரு நிமிடம். புதுப் பலகையில் முள் முடிவிலியைத் தொட வேண்டும். களத்தில் இருக்கும் பலகைக்கு 100 மெகாஓமுக்குக் கீழே வந்தால் நான் இறக்கி, கழுவி, மறுபூச்சு பூசுகிறேன். இந்தச் சோதனையை மதிய வெயிலில் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் எந்தப் பலகையும் நல்ல பலகைதான். விடிவதற்கு முன், பெட்டி மூடியில் பனி வியர்த்திருக்கும்போது அளங்கள். சோதனை முடிந்ததும் "சரி" உள்ளீட்டை நெகட்டிவில் தொட்டு மணி அடிக்கிறதா என்று பாருங்கள். மின்கலத்தைப் பிடுங்கி மறுபடி பாருங்கள். கரைக் கேபிளைப் பிடுங்கியும் பாருங்கள். மூன்றிலும் மணி அடித்த பிறகே கம்பத்தில் ஏற்றுங்கள். வாடைக்காற்றுப் பருவம் தொடங்கும் முன் ஒருமுறையும் முடிந்த பின் ஒருமுறையும் இதே மூன்று சோதனையைத் திரும்பச் செய்து, மெக்கர் எண்ணைப் பெட்டி மூடியின் உட்புறத்தில் தேதியோடு எழுதி வையுங்கள்.